இரண்டும் ஒன்றுதான் என்கிற சோம்பல்

ஆமர்ஸ்டிலும் இடம், வில்லியம்ஸிலும் இடம். மார்ச் கடைசியில் இப்படி இரண்டு கடிதம் வந்த வீட்டில் மே 1 வரைக்கும் தூக்கம் இருக்காது. அன்றைக்குள் ஏதாவது ஒரு கல்லூரிக்கு ‘வருகிறேன்’ என்று சொல்லி முன்பணம் கட்டியாக வேண்டும். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “ரெண்டுமே நல்ல காலேஜ். எதுல சேர்ந்தாலும் தப்பில்ல. நேர்ல போய்ப் பாருங்க, பிள்ளைக்கு மனசு எங்க ஒட்டுதோ அங்க சேர்த்துடுங்க.”

நியூ ஜெர்சியில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைக் கடைசியாகக் கேட்டேன். சொன்னவர், இரண்டு கடிதமும் வந்திருந்த பெண்ணின் சித்தப்பா. மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர், விவரம் தெரிந்தவர். மேசையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் ஆட்டவில்லை. அவள் கேட்டது ஒரு கேள்வி. அவளுக்குக் கிடைத்தது ஆறுதல்.

இந்தக் கருத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். பலவீனப்படுத்தி அடிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

இரண்டும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள். (நம் காதுக்கு இது ‘கலைக் கல்லூரி’ என்று விழுந்து, பொறியியல் கிடைக்காதவர் போகும் இடம் என்று மனம் மொழிபெயர்த்துக்கொள்ளும். இது அதுவல்ல. இயற்பியல், கணினி அறிவியல், தத்துவம் எல்லாம் இருக்கும். பெரிய பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் வந்து நடத்தும் வகுப்பை இங்கே பேராசிரியரே நடத்துவார்.) இரண்டிலும் ஏறக்குறைய 2,000 மாணவர்கள். இரண்டின் அறக்கட்டளை நிதியும் 300 கோடி டாலருக்கு மேல். இரண்டிலும் ஆண்டுச் செலவு, உதவித்தொகை கழிப்பதற்கு முன், 90 ஆயிரம் டாலரைச் சுற்றி. தரவரிசைப் பட்டியலின் உச்சியில் பல ஆண்டுகளாக இவைதான் அடுத்தடுத்து நிற்கின்றன. போதாததற்கு ரத்த உறவு வேறு. 1793இல் தொடங்கிய வில்லியம்ஸின் தலைவராக இருந்த செஃபனாயா ஸ்விஃப்ட் மூர், 1821இல் சில மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி ஆமர்ஸ்டின் முதல் தலைவரானார். போகிற போக்கில் நூலகத்துப் புத்தகங்களையும் தூக்கிப் போனார் என்பது வில்லியம்ஸ்காரர்கள் விடாமல் சொல்லும் கட்டுக்கதை. 1859இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டமும் இந்தப் பங்காளிகளுக்குள்தான். ஆமர்ஸ்ட் 73க்கு 32 என்று ஜெயித்தது.

ஆக, தரம் சமம், பணம் சமம், பேர் சமம். வேலையும் வருமானமும்கூடச் சமமாகத்தான் வரும், அதற்கு ஆய்வே இருக்கிறது என்பது வாதம். சமம் என்கிற வரைக்கும் எனக்குச் சண்டையில்லை. அதிலிருந்து ‘ஆகவே ஒன்றுதான்’ என்று தாவுகிறார்களே, அந்தத் தாவலோடுதான் சண்டை.

1. சமம் வேறு, ஒன்று வேறு.

ஒரே மாவில் இட்லியும் வரும், தோசையும் வரும். காய்ச்சல்காரருக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டால் ‘ரெண்டும் ஒரே மாவுதானே’ என்பது பதிலாகுமா?

ஆமர்ஸ்டில் திறந்த பாடத்திட்டம். முதலாண்டில் ஒரு கருத்தரங்க வகுப்பு, பிறகு எந்தத் துறையில் பட்டம் வேண்டுமோ அதற்கான பாடங்கள். கட்டாயம் அவ்வளவுதான். 32 பாடங்களில் மற்றவை எல்லாம் மாணவர் இஷ்டம். கணக்கே தொடாமல் வரலாற்றில் பட்டம் வாங்கலாம். ஒரு நாவல்கூடப் படிக்காமல் வேதியியலில் வாங்கலாம். வில்லியம்ஸில் அது நடக்காது. மொழி-கலை, சமூக அறிவியல், அறிவியல்-கணிதம் என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் மூன்று பாடமாவது எடுத்தாக வேண்டும். அதற்கு மேல் எழுத்துப் பயிற்சிக்கு, எண்களைக் கையாளும் திறனுக்கு என்று தனிக் கட்டாயங்கள். நடுவில் ஜனவரி மாதம் முழுக்க ‘குளிர்காலப் படிப்பு’ என்று ஒரே ஒரு பாடம்.

இது சில்லறை வித்தியாசம் இல்லை. ஒரு கல்லூரி பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் ‘உனக்கு என்ன தேவை என்று உனக்குத் தெரியும்’ என்கிறது. இன்னொன்று ‘உனக்கு இன்னும் தெரியாது’ என்கிறது. கல்வியைப் பற்றி இதைவிடப் பெரிய கருத்து வேறுபாடு எது? இரண்டு வைத்தியர்கள், இருவரும் கைராசிக்காரர்கள்தான். ஒருவர் பத்தியம் சொல்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார். யார் கெட்டிக்காரர் என்று பார்ப்பதில் பயனில்லை. நோயாளி யார் என்று பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் வேண்டும் என்று ஆமர்ஸ்டைக் கேட்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வேண்டியது சுதந்திரமில்லை, விடுதலை. கணக்கிலிருந்து விடுதலை, அல்லது கட்டுரை எழுதுவதிலிருந்து விடுதலை. அவர்களுக்கு ஆமர்ஸ்ட் ஆபத்து. ஆலோசகராக ஒரு பேராசிரியர் இருப்பார், வழிகாட்டுவார் என்று ஆமர்ஸ்ட் தரப்பு சொல்லும். உண்மை. ஆனால் ஆலோசனை சொல்பவர் கையில் பிரம்பு கிடையாது. மறுபக்கம், பசியோடு வருகிற பிள்ளை ஒன்று உண்டு. 1985இல் ஆமர்ஸ்டில் பட்டம் வாங்கிய டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் இரண்டு ஆய்வேடுகள் கொடுத்தார். ஒன்று விதிவாதத்தைப் பற்றிய தத்துவத் தர்க்கம், மற்றது ஒரு முழு நாவல். அப்படிப்பட்டவருக்குக் கட்டாயப் பாடம் காலில் கட்டிய கல். அது மட்டுமில்லை; கட்டாயத்துக்காக வந்து உட்கார்ந்தவர் யாருமில்லாத வகுப்பின் காற்றே வேறு. இதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதால்தான் சொல்கிறேன்: இந்தப் பிள்ளைக்குச் சரியான இடம் அந்தப் பிள்ளைக்குத் தவறான இடம்.

2. ‘சின்ன வகுப்பு எங்கும் சின்ன வகுப்புதான்’ என்பவர் டியூட்டோரியலைப் பார்த்ததில்லை.

ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்து 1980களின் இறுதியில் வில்லியம்ஸ் வளர்த்தெடுத்த முறை இது. நம்மூர் டுடோரியல் காலேஜோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அரியர் முடிக்கப் போகிற இடம். இங்கே ஒரு பாடத்துக்குப் பத்துப் பேர், ஐந்து ஜோடி. வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஜோடியும் பேராசிரியரின் அறைக்குப் போக வேண்டும். ஒருவர் ஐந்தாறு பக்கத்துக்குக் கட்டுரை எழுதிக்கொண்டு வருவார். மற்றவர் அதை முன்கூட்டியே வாங்கிப் படித்து, எங்கே ஓட்டை என்று எழுதிக்கொண்டு வருவார். அடுத்த வாரம் இடம் மாறும்.

அறைக்குள் மூன்று நாற்காலி. கடைசி பெஞ்ச் கிடையாது. கட்டுரையை வாசித்து முடித்ததும் ஒரு நிமிட அமைதி. பிறகு, ‘மூணாவது பக்கத்துல இப்படிச் சொல்ற, இதை எதை வச்சுச் சொல்ற?’ என்று குரல் வரும். கேட்பது பேராசிரியர் இல்லை. முந்தின இரவு சாப்பாட்டுக் கூடத்தில் எதிரே உட்கார்ந்து பீட்சா தின்ற தோழி. பேராசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார், பாதி நேரம் பேசவே மாட்டார். வாத்தியாருக்காக எழுதி, வாத்தியார் போடும் மதிப்பெண்ணை வாங்கியே வளர்ந்த பிள்ளைக்கு இது வேறு கிரகம். அசட்டுத்தனமாக எழுதிவிட்டால் அதைச் சுட்டிக்காட்டப் போவது சகவயதுக்காரி. பதிலுக்கு அடுத்த வாரம் அவள் எழுத்தை இவன் நாணயமாகக் குறை சொல்லியாக வேண்டும். குறை சொல்வதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது ஒத்துவராது என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நேர்மாறாக நினைக்கிறேன். பதினைந்து பேர் வட்டமாக உட்காரும் வகுப்பில் கூச்சக்காரர் செமஸ்டர் முழுவதும் வாய் திறக்காமல் தப்பிக்கலாம், முந்திக்கொண்டு பேசுபவர்கள் இடமும் தர மாட்டார்கள். மூன்று பேர் அறையில் அவர் பேசியே தீர வேண்டும், பேசும்போது குறுக்கே விழவும் ஆளில்லை.

ஆமர்ஸ்டின் பலம் வேறு திசையில். ஸ்மித், மவுண்ட் ஹோல்யோக், பக்கத்திலேயே இருக்கும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து 1965இல் அமைந்த ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பில் அது ஒன்று. பஸ் ஏறிப் போய் அங்கே பாடம் எடுக்கலாம், கூடுதல் கட்டணம் இல்லை. சிறு கல்லூரியில் கிடைக்காத மொழி, பொறியியல் வகுப்பு, பெரிய ஆய்வகம் என்று தேடுகிற பிள்ளைக்கு இது புதையல். பஸ் ஏறாத பிள்ளைக்கு விளம்பரத் தாளில் அச்சிட்ட ஒரு வரி. உங்கள் பிள்ளை ஏறுமா, ஏறாதா? இது உங்களுக்குத் தெரியும், கல்லூரிக்குத் தெரியாது.

3. ஊர் ஒரு பொருட்டா என்கிறார்கள்.

வில்லியம்ஸ்டவுன் பெர்க்‌ஷயர் மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். கடைத்தெரு என்று சொல்ல ஒரே ஒரு தெரு. பாஸ்டன் மூன்று மணி நேரம். நவம்பரில் இறங்கும் குளிர் சில வருடம் ஏப்ரலிலும் கிளம்பாது. ஆனால் அதே ஊரில் கிளார்க் கலை நிறுவனம் இருக்கிறது, கல்லூரிக்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, பக்கத்து ஊரான நார்த் ஆடம்ஸில் பழைய ஆலைக் கட்டடங்களில் 1999இல் திறந்த மாஸ் மோகா இருக்கிறது. இந்த மலைக்குள்ளே லேன் ஃபைசன், விட்னி ஸ்டாடர்ட், வில்லியம் பியர்சன் என்ற மூன்று ஆசிரியர்கள் பல பத்தாண்டுகள் கலை வரலாறு நடத்தினார்கள். 1960, 70களில் அங்கே படித்தவர்களில் கிளென் லௌரி நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு இயக்குநரானார், எர்ல் பவல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு, தாமஸ் கிரென்ஸ் குகன்ஹைமுக்கு. ‘வில்லியம்ஸ் மாஃபியா’ என்றே அந்த வட்டாரத்தில் பெயர். ஊர்தான் இதைச் செய்தது என்று சாதிக்க மாட்டேன். ஓடிப்போக வேறு இடமில்லாத ஊரில், வகுப்பு முடிந்து நடக்கிற தூரத்தில் அசல் ஓவியங்களும் நல்ல வாத்தியார்களும் இருந்தால் சில காரியங்கள் நடக்கும் என்பது மட்டும் தெரிகிறது. அதே மலை, அதே குளிர், வேறொரு பிள்ளையைப் பிப்ரவரியில் அறைக்குள் சுருட்டிப் போட்டுவிடும் என்பதும் தெரிகிறது.

4. மனசு ஒட்டுவதற்கு அன்றைய வெயில் காரணமாக இருக்கலாம்.

இடம் கிடைத்த பிள்ளைகளைக் கல்லூரிகள் ஏப்ரலில் விருந்தாளியாக அழைக்கின்றன. பின்பக்கமாக நடந்துகொண்டே பேசும் ஒரு சீனியர் சுற்றிக் காட்டுவார். அவர் கலகலப்பானவராக இருந்தால் கல்லூரியும் கலகலப்பு. மழை பெய்தால் கல்லூரி அழுமூஞ்சி. பெண் பார்க்கப் போய் பஜ்ஜி நன்றாக இருந்தது என்று கல்யாணத்தை முடிவு செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போனால் கேட்க வேண்டியவை வேறு. பிள்ளைக்கு ஆர்வமுள்ள துறையில் கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தப் பாடங்கள் உண்மையிலேயே நடந்தன என்று பாருங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் வருடா வருடம் நடப்பதில்லை. அடுத்த ஆண்டு எத்தனை பேராசிரியர்கள் ஆய்வு விடுப்பில் போகிறார்கள் என்று கேளுங்கள். ஐந்தே பேர் உள்ள துறையில் இருவர் போய்விட்டால் அந்த வருடம் துறையே பாதிதான். ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து, பேசாமல் இருக்கிற பிள்ளைகளைக் கவனியுங்கள். இவ்வளவும் செய்தபின் மனசு எங்கே ஒட்டினாலும் எனக்குச் சம்மதம்.

5. பட்டியலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

‘தரவரிசையை நாங்கள் பார்ப்பதில்லை’ என்று சொல்லிக்கொண்டே ‘இரண்டும் ஒன்று’ என்பவர்களுக்கு அந்த ஒருமை எங்கிருந்து வந்தது? பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் வந்தது. யூ.எஸ். நியூஸ் பட்டியலில் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண், பிற கல்லூரித் தலைவர்களும் நிர்வாகிகளும் தங்கள் அபிப்பிராயத்தில் போடுவது. 2023இல் அதே பட்டியல் வகுப்பின் அளவைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்குப் போவதற்கான முதல் காரணமே சின்ன வகுப்புதான். அதை எண்ணாமல் அவற்றை வரிசைப்படுத்துகிறார்கள். 2022இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் தன் சொந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலுக்குக் கொடுத்த எண்களைக் கேள்வி கேட்டார். 2ஆம் இடத்தில் இருந்தது 18க்கு இறங்கியது. அந்த ஒரு வருடத்தில் அங்கே கல்வி பதினாறு படி இறங்கிவிடவில்லை.

6. ‘பணமும் ஒன்றுதான்’ என்பவர் இரண்டு கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை.

குடும்பத்துக்கு எவ்வளவு தேவையோ அதை முழுவதும் தருவோம் என்று இரண்டும் சொல்கின்றன. அந்தத் ‘தேவை’ எவ்வளவு என்று கணக்குப் போடுவது அந்தந்தக் கல்லூரி. வீட்டின் மதிப்பை, சொந்தத் தொழிலை, ஊரில் தாத்தா பாட்டிக்கு அனுப்பும் பணத்தை இருவரும் ஒரே மாதிரிப் பார்ப்பார்கள் என்று உத்தரவாதமில்லை. 2022இல் வில்லியம்ஸ் தன் உதவித்தொகையிலிருந்து கடனை மட்டுமல்ல, கல்லூரிக்குள் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டும் என்ற பகுதியையும் நீக்கியது. ஆமர்ஸ்ட், வெளிநாட்டு மாணவரையும் பண வசதி பார்க்காமல் தேர்ந்தெடுக்கும் மிகச் சில கல்லூரிகளில் ஒன்று. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு இது வாசல் திறப்பதற்கும் மூடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு கல்லூரி குறைவாகக் கொடுத்திருந்தால் மற்றதன் கடிதத்தை அனுப்பி மறுபரிசீலனை கேட்கலாம். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

7. கடைசியாக, அந்த ஆய்வு.

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் இது, ஆகவே கடைசிக்கு வைத்தேன். பொருளாதார அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்டது. பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் அதைவிடக் குறைந்த பெயருள்ள கல்லூரிக்குப் போனவர்கள், பிற்பாடு ஏறக்குறைய அதே சம்பளம்தான் வாங்கினார்கள் என்பது அதன் சாரம். எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த மாணவர் என்பதே வருமானத்தைத் தீர்மானிக்கிறது. (ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பொருந்தவில்லை, அவர்களுக்குப் பெயர்பெற்ற கல்லூரியால் நல்ல பலன் இருந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுவார்கள்.)

ஆய்வை ஏற்கிறேன். ஏற்றால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வருமானம் இரண்டு பக்கமும் ஒன்றே என்றால், தேர்ந்தெடுக்க வருமானத்தை அளவுகோலாக வைக்க முடியாது. பேர் சமம், பட்டியல் சமம் என்றால் அவையும் உதவாது. எல்லாவற்றையும் கழித்தபின் மீதி நிற்பது படிப்பு ஒன்றுதான். நான்கு வருடம் அந்தப் பிள்ளை என்ன படிக்கும், யாரோடு உட்கார்ந்து, எப்படி? ‘ஆகவே யோசிக்க வேண்டாம்’ என்று சொல்ல அந்த ஆய்வைக் கொண்டுவருகிறார்கள். அது ‘இனியாவது சரியான விஷயத்தை யோசியுங்கள்’ என்று சொல்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நவம்பரில் முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது, கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். அப்போது பள்ளி ஆலோசகர் முதல் சித்தப்பா வரை ‘உனக்கு எது பொருந்தும் என்று யோசித்து ஒன்றைச் சொல்’ என்று அந்தப் பிள்ளையை நச்சரித்தார்கள். ஏப்ரலில் இரண்டும் கைக்கு வந்ததும் எல்லாம் ஒன்றாகிவிட்டது. கல்லூரிகள் மாறவில்லை. யோசிக்கிற வேலையிலிருந்து பெரியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

ஆகவே, அந்த இரண்டு கடிதமும் வந்திருக்கிற வீட்டுக்கு ஒரு வேண்டுகோள். மே 1க்கு முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். இரண்டு கல்லூரியின் பாடப் பட்டியலும் அவர்களின் இணையதளத்திலேயே இருக்கிறது. இரண்டு வெள்ளைத்தாளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எட்டு செமஸ்டருக்குக் கட்டம் போட்டு, பிள்ளையே தன் கையால் பாடங்களை நிரப்பட்டும். கட்டாயங்களைச் சேர்த்து, விடுப்பில் போகிறவர்களைக் கழித்து, பஸ் நேரத்தையும் கணக்கில் எடுத்து நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், பேனாவைத் தொடாதீர்கள். முடிந்ததும் இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்றாகவே இருந்தால் எனக்கு எழுதுங்கள், இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.